மொரிஸ் மைனருக்கு ஜிம்னி எஞ்சின்: முற்பணம் கட்டும் முன்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் ஒருதரம் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். அப்பப்பாவின் 1963ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 திருகோணமலை உப்புவெளி வீட்டுக் கொட்டிலில் எட்டு வருடமாக நிற்கிறது. 1098 சீசீ எஞ்சினின் பிளொக்கில் வெடிப்பு, கியர்பொக்ஸ் இரண்டாம் கியரில் கத்துகிறது. கொழும்பில் ஒருவர் சுசுக்கி ஜிம்னி ஜீப்பின் ஹாஃப் கட் ஒன்று (வெட்டிய முன்பாதி), எம்13ஏ எஞ்சினும் ஐந்து கியர் பொக்ஸும் சேர்த்து, தருவதாகச் சொல்கிறார். முற்பணம் கட்டலாமா, போட்டால் தினமும் சீனக்குடாவுக்கு வேலைக்கும் மாதம் ஒருதரம் கொழும்புக்கும் நம்பி ஓடலாமா என்பதுதான் கேள்வி.

இன்னும் கட்டாதீர்கள். எஞ்சினில் குற்றம் இல்லை. எம்13ஏ அலுமினிய எஞ்சின், 1328 சீசீ, டைமிங் செயின், 80 குதிரைவலுவுக்கு மேல் தரும். உங்கள் 1098 புதிதாக இருந்தபோது தந்ததே 48தான். கனமும் பழைய இரும்பு எஞ்சினை விடக் குறைவு. ஆனாலும் எஞ்சின் மாற்றுகிற வேலையில் கடைசியாக வாங்க வேண்டிய சாமான் எஞ்சின்தான், இதை நான் காசு கொடுத்துப் படித்தவன்.

என் முதல் மைனர் 2003இல். சமாதான காலம், பழைய வாகனச் சாமான் விற்கிற கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போய்வருவது லேசாக இருந்தது, ஒரு கடையில் லைட்ஏஸ் வானின் 5கே எஞ்சினும் ஐந்து கியர் பொக்ஸும் மலிவாகக் கிடைத்தது என்று துள்ளிக்கொண்டு வாங்கி, வெங்காய லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தேன். வீட்டில் இறக்கி சாக்கை விரித்து வைத்துப் பார்த்தால் கியர்பொக்ஸின் மேல் கியர்க்கம்பி வரவேண்டிய இடமே இல்லை. வானில் ஓட்டுநர் எஞ்சினுக்கு மேலே உட்கார்ந்திருப்பார் அல்லவா, அதனால் கியர்க்கம்பி முன்னால் எங்கோ நிற்கும், பொக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் நெம்புகோலுக்குத் தொடுப்பு வைத்து இழுப்பார்கள். மைனரில் அந்தத் தொடுப்பைக் கொண்டுபோக இடம் கிடையாது. ஆறு மாதம் அந்த எஞ்சின் என் திண்ணையில் கிடந்தது, மனுசி அதற்கு மேல் பூச்சாடி வைத்தாள். கடைசியில் பழைய கொரோலா கேஇ70 ஒன்றின் கே50 பொக்ஸ் கிடைத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. அது அதே கே எஞ்சினில் நேராகப் பூட்டும், கம்பியும் மேலே வரும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

அதனால் முதல் வேலை கொட்டிலுக்குள். ஒரு பழைய ஸ்க்ரூட்ரைவர், ஒரு டோர்ச், படுப்பதற்கு ஒரு மட்டை. மைனருக்குத் தனியாகச் சட்டம் (சேசிஸ்) கிடையாது, காரின் உடலான பொடியே சட்டம். முன்னால் இரண்டு நீளப் பெட்டிக்கால்கள் எஞ்சினைத் தாங்குகின்றன, முன் சஸ்பென்ஷனின் டோர்ஷன் கம்பிகள் அங்கிருந்து பின்னோக்கி ஓடி முன் ஆசனத்துக்குக் கீழே உள்ள குறுக்குப் பெட்டியில் போய் முடிகின்றன. அந்தக் குறுக்குப் பெட்டியின் இரண்டு நுனியும், பின் வில்லுத்தகடு தொங்குகிற இடங்களும், ஓட்டுநரின் கால் பக்கத்துத் தளமும்தான் முதலில் அரிக்கும். உப்புவெளி என்ற பேரிலேயே உப்பு இருக்கிறது, வாடைக்காற்றில் எட்டு மாரி நின்ற வண்டி என்றால் மேல் பெயின்டைப் பார்த்து ஒன்றும் முடிவுசெய்யக் கூடாது. ஸ்க்ரூட்ரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு ‘டிங்’ என்று கேட்கும். சத்தம் சப்பென்று மாறுகிற இடத்தில் நுனியை வைத்து அழுத்துங்கள். என் இரண்டாவது மைனரில் அப்படி அழுத்தியபோது கறுப்புத் தார் பூச்சு பப்படம் போல உடைந்து, ஸ்க்ரூட்ரைவர் பிடிவரை உள்ளே போய், பொலபொலவென்று ஒரு கை துரு என் கண்ணாடியில் கொட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் அது அச்சாவான வண்டி. குறுக்குப் பெட்டி போயிருந்தால் எஞ்சின் கதையை விடுங்கள், அந்தக் காசு முழுக்கத் தகட்டு வேலைக்குத்தான். மைனர் பாகங்களை ஒருகாலத்தில் நம் நாட்டிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், அதனால் கொழும்புப் பக்கம் தகடு அடிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டாவது பிரேக். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1098 வந்த 1962க்குப் பிறகான மைனரில் முன்னால் 8 அங்குல டிரம், பின்னால் 7 அங்குலம். அதற்கு முந்தியவற்றில் முன்னாலும் 7தான். மிதிக்கிற விசையைக் கூட்டிக் கொடுக்கும் சர்வோ இல்லை. நாலு சில்லுக்கும் ஒரே குழாய்த் தொடர், எங்காவது ஓரிடத்தில் கசிந்தால் பெடல் அப்படியே தளத்தில் போய் உட்காரும். பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் வேறு ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே பெட்டிக்காலுக்குள் ஒளிந்திருக்கிறது, அதைக் கழற்றப் போனால் டோர்ஷன் கம்பி குறுக்கே நிற்கும். ஒரு நாள் இரவு ஹபரணையிலிருந்து வந்துகொண்டிருந்தேன், கந்தளாய்க்கு இந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. மணிக்கு 80 இருக்கும், 5கே எஞ்சின் பாட்டுப் பாடிக்கொண்டு இழுத்தது. வெளிச்சத்தின் நுனியில் வீதியோடு சேர்ந்த சாம்பல் நிறமாக ஏதோ நின்றது, வால் ஆடிய பிறகுதான் யானை என்று தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன், வண்டி இடப்பக்கம் இழுத்தது, ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடித்துக்கொண்டு இன்னும் மிதித்தேன், யானைக்கும் பம்பருக்கும் இடையில் ஒரு ஆள் படுக்கலாம் என்ற தூரத்தில் நின்றது. யானை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரமே முன்னால் டிஸ்க் போட்டேன்.

டிஸ்க், சர்வோ, இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், இந்த மூன்றையும் எஞ்சினுக்கு முன்னரே போடுங்கள். மாஸ்டர் சிலிண்டரைத் தளத்துக்குக் கீழிருந்து எடுத்து முன் தடுப்புச் சுவரில் மேலே வைத்துப் பெடலைத் தொங்கவிட்டால் பிறகு திருத்துகிறபோது என்னை நினைப்பீர்கள். ஆனால் அந்த இடத்தை எஞ்சின் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் துளை போட வேண்டும். இதோடு ஒட்டிய ஒரு விஷயம், கனபேர் இடறுகிற இடம்: மைனரின் சில்லு போல்ட் வட்டம் நாலு போல்ட்டுக்கு 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீட்டர். ஜப்பான் சிறிய கார்களின் அலோய் சில்லுகள் பல 100 மில்லிமீட்டர். கையால் வைத்துப் பார்த்தால் ஏறுகிற மாதிரி இருக்கும், நட்டை இறுக்கினால் இழுத்து உட்காரவும் செய்யும். ஸ்டட் ஒவ்வொன்றும் சற்றே வளைந்த நிலையில் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். கடைக்காரர் ‘ஓடும் ஓடும்’ என்பார். ஓடும், ஒருநாள் சில்லு தனியாக ஓடும்.

சரி, இப்போது உங்கள் ஜிம்னிக்கு வருவோம், இங்கேதான் கணக்குப் போட வேண்டும்.

ஜிம்னியில் ஒரு பெரிய வசதி உண்டு. பெரும்பாலான 4x4 வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் வலுவைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) கியர்பொக்ஸின் வாலிலேயே ஒட்டியிருக்கும். ஜிம்னியில் அது தனியாக நிற்கிறது, இடையில் ஒரு குட்டி ஷாஃப்ட். அந்த ஷாஃப்டைக் கழற்றினால் உங்கள் கையில் மிஞ்சுவது எஞ்சின் நீளவாக்கில் நிற்கும், பின்சில்லு ஓட்டும் காருக்குப் பொருந்துகிற சாதாரண ஐந்து கியர் பொக்ஸ். இன்றைக்குச் சந்தையில் மலிந்து கிடக்கிற ஜப்பான் கார் எஞ்சின்கள் எல்லாம் குறுக்காக நின்று முன்சில்லை ஓட்டுகிறவை. அவற்றில் எதுவும் மைனருக்கு உதவாது. அந்த வகையில் ஜிம்னியைக் கண்டுபிடித்த உங்கள் மூளையைப் பாராட்டுகிறேன்.

சிக்கல் பல்லெண்ணிக்கையில். ஜிம்னி மலை ஏற, சேறு கிழிக்கச் செய்த வண்டி. அதன் கியர்பொக்ஸ்கள் எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் முதல் கியர் 4.425, அதாவது எஞ்சின் 4.425 சுற்றினால் பொக்ஸின் பின் ஷாஃப்ட் ஒரு சுற்று; ஐந்தாவது வெறும் 1.0. ஐந்து கியர் என்று நீங்கள் ஆசைப்படுவது கொழும்பு வீதியில் எஞ்சின் அமைதியாக ஓடட்டும் என்றுதானே? ஐந்தாவதே 1.0 என்றால் அது உங்கள் பழைய நாலாவது கியர்தான். பாருங்கள்: 155/80ஆர்14 ரயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் போகும். மணிக்கு 80 என்றால் சில்லு நிமிடத்துக்கு 700 சுற்று. 1098 மைனரின் பின் அச்சுப் பல் 4.22, ஆகவே 1.0 ஆன நேர் கியரில் எஞ்சின் 2,960. ஐந்தாவது 0.85 உள்ள பொக்ஸ் என்றால் அதே வேகத்துக்கு 2,500. இந்த 450 சுற்று வித்தியாசம் தாளில் சின்னதாகத் தெரியும், ஹபரணை தாண்டிக் குருநாகல் போகிறபோது காதுக்குத் தெரியும்.

பொக்ஸைப் பார்க்கப் போகும்போது சோக்குத் துண்டு ஒன்றைக் கொண்டுபோங்கள். ஐந்தாவது கியரில் போட்டுவிட்டு முன் ஷாஃப்டில் ஒரு கோடு, பின் ஃபிளேஞ்சில் (ஷாஃப்ட் பூட்டுகிற தட்டு) ஒரு கோடு. முன்னால் கையால் 20 சுற்றுச் சுற்றுங்கள், பின்னால் எத்தனை என்று இன்னொருவர் எண்ணட்டும். 20 வந்தால் நேர் கியர். 23, 23அரை வந்தால் உங்களுக்குத் தேவையான பொக்ஸ். முதல் கியரில் போட்டும் இதையே செய்யுங்கள், அதுதான் அடுத்த பிரச்சினை.

1098 எஞ்சினின் முறுக்குவிசை 81 நியூட்டன் மீட்டர், அதன் முதல் கியர் 3.628. அச்சுப் பல்லையும் சேர்த்துப் பெருக்கினால் பின் அரை ஷாஃப்டுகளுக்கு (அச்சுக்குள் இருந்து சில்லுகளைச் சுற்றுகிறவை) போகிற மொத்தம் 1,240. எம்13ஏ எஞ்சினை 110 என்று வையுங்கள், முதல் கியர் 4.425 என்றால் 2,050 தாண்டும். மூன்றில் இரண்டு பங்கு கூட. மைனரின் அரை ஷாஃப்டுகள் பெயருக்கேற்ற மெல்லிசு, 1098க்கே போதுமான அளவுதான். கிளச்சை மெதுவாக விடுகிற அப்பப்பா ஓட்டினால் ஓடும், நீங்கள் ஓட்டினால் ஏதாவது ஒரு சந்தியில் ‘டக்’ என்று ஒரு சத்தம், பிறகு எஞ்சின் ஓடும், கார் ஓடாது. ஆகவே பின் அச்சையும் மாற்றவேண்டி வரும். ஹாஃப் கட் என்றால் வெட்டிய முன்பாதி, பின் அச்சு அதில் இருக்காது. இருந்தாலும் ஜிம்னியின் அச்சு மைனரை விட எட்டு ஒன்பது சென்டிமீட்டர் அகலம், சில்லுக்கு ஐந்து போல்ட். மைனரின் பின் சில்லுகளுக்கு இடைப்பட்ட அகலம் 50 அங்குலத்துக்குச் சற்று மேல், அதற்குக் கிட்ட வருகிற பழைய சிறிய ஜப்பான் கார் அச்சைத் தேடி, வில்லுத்தகடு உட்காரும் இருக்கைகளை மட்டும் வெட்டி ஒட்டுவதுதான் வழி. அந்த இருக்கைகளை ஒட்டுகிறபோது கோணத்தைப் பற்றி யோசிக்காமல் ஒட்டிவிட்டால் அடுத்த தலையிடி தொடங்கும்.

அது கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுற்றைக் கொண்டுபோகிற ப்ரொப் ஷாஃப்ட். என் வண்டியில் 5கே பூட்டி முதல்முதல் கந்தளாய் வீதியில் விட்டபோது மணிக்கு 65 வரை வெண்ணெய் மாதிரி, 70இல் முன் ஆசனம் நடுங்கத் தொடங்கி 75இல் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி இரண்டாகத் தெரிந்தது. ரயர் பலன்ஸ் பார்த்தேன், எஞ்சின் மவுண்ட் மாற்றினேன், இரண்டு வாரம் போனது. கடைசியில் கொட்டிலில் கீழே படுத்து ஷாஃப்டின் இரண்டு நுனியையும் பார்த்தால் முன் கவையும் பின் கவையும் ஒரே தளத்தில் இல்லை, பத்துப் பாகை திருகி நிற்கின்றன. நீளம் குறைத்து ஒட்டிக்கொடுத்த லேத் பட்டறையில் அதைக் கவனிக்கவில்லை. யூனிவர்சல் ஜொயின்ட் ஒன்று கோணத்தில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டுமுறை வேகம் கூடிக் குறையும், அடுத்த முனையில் இருக்கும் ஜொயின்ட் அதற்கு எதிர்மாறாகச் செய்து சமன் பண்ணும். கவைகள் ஒரே நேரில் இருந்தால்தான், இரண்டு பக்கக் கோணமும் சமமாக இருந்தால்தான் அந்தச் சமன் நடக்கும். கியர்பொக்ஸின் பின் ஃபிளேஞ்சும் அச்சின் முன் ஃபிளேஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும், ஒவ்வொரு ஜொயின்டிலும் கோணம் ஒன்றிலிருந்து மூன்று பாகைக்குள். பூச்சியமும் கூடாது, ஆடாமல் ஒரே இடத்தில் நின்றால் உள்ளே இருக்கும் ஊசி பெயாரிங் குழி விழும். இப்போது கைபேசியிலேயே கோணம் பார்க்கலாம், அப்போது நான் மேசனிடம் மட்டப்பலகை இரவல் வாங்கினேன். அளக்கும்போது கார் சில்லில் நிற்க வேண்டும், ஜாக்கில் தொங்கவிட்டு அளந்தால் எல்லாம் பொய்.

முன்பக்கம் இடம் காணுமா என்றால், அகலம் காணும், மைனரின் பொனெட்டுக்குக் கீழே அலுமாரி வைக்கலாம். இடிக்கிற இடம் பின்னால். ஸ்டியரிங் ராக் முன் தடுப்புச் சுவரில், கிளச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கு மேலாகக் குறுக்கே கிடக்கிறது. எஞ்சினைப் பின்னால் தள்ளினால் ராக்கில் முட்டும், முன்னால் இழுத்தால் ரேடியேட்டரைத் தின்னும், மேலே தூக்கினால் ஷாஃப்ட் கோணம் கெடும், கீழே இறக்கினால் சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) வீதியைத் தேய்க்கும். சம்பின் ஆழமான பகுதி முன்னாலா பின்னாலா என்று கேட்க வேண்டியதும் இதற்காகத்தான். விற்கிறவரிடம் ஐந்து அளவு வாங்குங்கள்: எஞ்சினின் முன் கப்பியிலிருந்து பெல் ஹவுசிங் விளிம்பு வரை, அங்கிருந்து கியர்க்கம்பி நிற்கும் இடம் வரை, அங்கிருந்து பின் ஃபிளேஞ்ச் வரை, கிராங்க் நடுவிலிருந்து சம்பின் அடி வரை, அதே நடுவிலிருந்து மேல் மூடி வரை. பெட்டிப் பலகையிலும் ரெஜிஃபோமிலும் (பொதி கட்டுகிற வெள்ளை நுரைப்பலகை) அந்த அளவுக்கு ஒரு பொம்மை எஞ்சின் செய்து உள்ளே இறக்கிப் பாருங்கள். அயல் சனம் சிரிக்கும், சிரிக்கட்டும். என் மூன்றாவது மைனரில் அந்தப் பொம்மையால்தான் ராக்குக்கும் பெல் ஹவுசிங்குக்கும் இடையில் விரல்கூட நுழையாது என்று காசு கொடுக்கும் முன்னரே தெரிந்தது. கியர்பொக்ஸ் மூடி மைனரில் கழற்றக்கூடிய தகடு, கம்பி வரும் இடத்தை மாற்றி வெட்டிக்கொள்ளலாம், அதில் கவலை இல்லை. கிளச் பழையதில் கம்பித் தொடுப்பு. புதிய பொக்ஸ் கேபிளைக் கேட்குமோ ஹைட்ரோலிக்கைக் கேட்குமோ, அதற்கேற்ற பெடல் வேலை உண்டு.

இன்ஜெக்‌ஷன் எஞ்சின் என்பதால் இன்னும் இரண்டு விஷயம். மைனரின் எஸ்யூ பம்ப் காபரேட்டருக்குச் சொட்டுச் சொட்டாக ஊட்டுகிற பம்ப், இன்ஜெக்டருக்கு 3 பார் அளவில் அழுத்தம் வேண்டும்; புது பம்ப், உயர் அழுத்தக் குழாய், தாங்கிக்குத் திரும்பும் வழி, எல்லாம் தேவை. மைனரின் தாங்கிக்குள் தடுப்புத் தகடு கிடையாது, அரைத் தாங்கிக்குக் கீழே வந்து ஒரு வளைவை வேகமாக எடுத்தால் பெற்றோல் ஒரு பக்கம் ஓடி பம்ப் காற்றை உறிஞ்சும், இன்ஜெக்‌ஷன் எஞ்சின் அதை ஒரு வினாடிகூடப் பொறுக்காது. இடையில் ஒரு சிறிய சேமிப்புக் குடுவை வையுங்கள். மற்றது மின்சாரம். மைனருக்குப் பட்டரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியில். அதை மறந்து எஞ்சினை ஆளுகிற மின்னணுப் பெட்டியான ஜிம்னியின் ஈசியூவைத் தொடுத்தால் ஒரு சின்னப் புகை வரும், அவ்வளவுதான் அதன் ஆயுள். டைனமோவைத் தூக்கிவிட்டு, நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றி, அறுபது வருடத்துத் துணி சுற்றிய வயர்களை முழுக்கக் களைந்து புதிதாக இழுங்கள். ஜிம்னி எஞ்சினோடு அதன் வயர் முழுதாக வரவேண்டும், வெட்டிய வயர் என்றால் ஒரு மாதச் சம்பளத்தை ஓட்டோ எலக்ட்ரீஷியனுக்கு எழுதி வையுங்கள். சாவியோடு பூட்டிய இமொபிலைசர் இருந்தால் அதே சாவியும் வேண்டும்.

ரேடியேட்டர் புதிதாக, அலுமினியம், மின் விசிறியோடு. சித்திரை தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்றில் கண்டி வீதி நெரிசலில் நின்று பார்த்தால் ஏன் என்று கேட்க மாட்டீர்கள்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு ‘அண்ணை, அப்போ எதைத்தான் போட?’ என்று கேட்பீர்கள். என் சொந்த அபிப்பிராயம், நிசான் ஏ தொடர். நம் ஊரில் ஏ12 என்றால் புத்தளம் வீதி, ஏ15 என்றால் மட்டக்களப்பு வீதி. பழைய நிசான் சன்னி காருக்கு ஏ12 என்றால் 1171 சீசீ எஞ்சின், ஏ15 என்றால் 1488. இரும்பு பிளொக், காபரேட்டர், நாலு வயர், மழைக்காலத்தில் நிலாவெளிப் பாலத்தடியில் நின்றாலும் கையில் இருக்கும் சாவிக்கட்டோடு திருத்தலாம். மைனரின் சொந்த எஞ்சினுக்கும் பெயர் ஏ தொடர்தான், பெயருக்கேற்ப அதற்குத் தம்பி மாதிரி பருமனில் வரும். ஏ12 என்றால் உங்கள் பின் அச்சு பொறுக்கும், ஏ15 என்றால் கவனமாக ஓட்டினால் பொறுக்கும். டொயோட்டாவின் 4கே, 5கே அடுத்த தெரிவு, கே50 பொக்ஸ் மேல்கம்பியோடு கிடைத்தால் மட்டும். ‘நவீன எஞ்சின் கேட்டேன், நீங்கள் எழுபதுகளுக்குக் கூட்டிக்கொண்டு போகிறீர்களே’ என்றால் நியாயம்தான். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று வந்தபோது இன்ஜெக்‌ஷன் வைத்திருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்திய ஒரு காலமும் இருக்கிறது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இதே மைனர்களும் ஒஸ்டின் ஏ40 கார்களும் ஒரு சின்னப் போத்தல் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடின. அந்த வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஈசியூ என்றால் உள்ளே ஒரு சின்ன நடுக்கம் இருக்கும், அதையும் கழித்துக்கொண்டு என் அபிப்பிராயத்தை எடுங்கள்.

ஜிம்னியேதான் வேண்டும் என்றால், வேலை செய்யக்கூடியதுதான், நான் தடுக்கவில்லை. எஞ்சின் விலைக்கு மேல் அதே அளவு இன்னும் இரண்டு பங்கு மற்ற வேலைக்குப் போகும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அசலைக் கெடுத்தான் என்று திட்டுகிறவர்களும் வருவார்கள். மைனர் 16 இலட்சம் அளவில் செய்த கார், பிரித்தானியாவில் 10 இலட்சத்தைத் தொட்ட முதல் கார் அதுதான். உங்களுடைய ஒன்று மாறினால் உலகத்துக்கு நட்டமில்லை. வெட்டிய, கழற்றிய எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு வையுங்கள், பழைய பிளொக்கை இரும்புக்கு எடைபோட வேண்டாம்.

பதிவுப் புத்தகத்தை மறக்காதீர்கள். எஞ்சின் இலக்கமும் சீசீயும் அதில் எழுதியிருக்கிறது, மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துத் திருத்த வேண்டும். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டு, அது நாட்டுக்குள் வந்த சுங்கப் பத்திரத்தின் பிரதி, இரண்டும் இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். யுத்தகாலத்தில் சோதனைச் சாவடியில் ‘பொனெட்டைத் திற’ என்று எஞ்சின் இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்த ஞாபகம் எங்கள் வயதுக்காரர்களுக்குப் போகாது. இப்போது அந்தப் பயம் இல்லை, காப்புறுதிக்காரர் இருக்கிறார். விபத்து நடந்தபிறகு அவர் முதலில் பார்க்கிற இடம் அதுதான். தடுப்புச் சுவரில் இருக்கும் இலக்கத் தகட்டையும் அந்தப் பழைய ஸ்ரீ இலக்கத்தையும் பெயின்டடிக்கிறவர் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குக் கொழும்புக்காரருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். வண்டி எந்த ஆண்டு, கியர்பொக்ஸ் மனுவலா என்று படம், வயர் முழுதாக இருக்கிறதா, ஈசியூவும் சாவியும் ஜோடியாக வருமா, சுங்கப் பத்திரம் தருவாரா, நான் சொன்ன அந்த ஐந்து அளவு. டேப்பை வைத்து அளந்து படம் அனுப்பச் சோம்பல் படுகிற ஆள் முற்பணம் வாங்கியபிறகு சுறுசுறுப்பாக மாட்டார். அதற்கிடையில் கொட்டிலில் குறுக்குப் பெட்டியைக் குத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு படுங்கள்.